வேக்கம் பாய் இழுத்த சங்கிலி

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஒரு கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் தேவைப்படவில்லை. வேக்கம் பாய் வந்து நின்று, "அந்தக் காலத்துல ரயிலுக்கு பிரேக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று கேட்டால் போதும். டீக்கடை ஒரே நிமிடத்தில் காலியாகிவிடும்.

பாய், தட்டாஞ்சாவடியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பட்டறையில் ஃபிட்டர். ரயில்வேக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. உள்ளே, நூறு வருஷத்துக்கு முந்தைய ரயில் பிரேக்குகளின் படங்கள். படத்தைப் பார்த்துப் பாதி, எழுத்துக் கூட்டி மீதி என்று இரண்டு வருஷம் படித்தார். பிறகு ஊருக்குச் சொல்ல ஆரம்பித்தார். ஊர் ஓட ஆரம்பித்தது.

"அப்பல்லாம் பெட்டிக்குப் பெட்டி ஒர்த்தன் குந்திக்கினு இருப்பான். டிரைவர் விசில் அடிச்சா, கையால பிரேக்கை முறுக்கணும். அவன் தூங்கிட்டான்னா வண்டி கதி இன்னா?"

"நாமளும் கொஞ்சம் தூங்கலாம் பாய்" என்பார் லேத்து ஓட்டுபவர்.

பாய்க்குக் கோபமே வராது. டீ குடித்த டம்ளரை வாயில் கவிழ்த்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிக் கையை விடுவார். டம்ளர் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தட்டிக் காட்டி, பிடுங்கி எடுத்து, "இதான் வேக்கம்! உள்ள காத்தே இல்ல! இத்த வெச்சித்தான் மொத்த வண்டியையும் நிறுத்தினான்!" என்பார். அவர் வாயைச் சுற்றி எப்போதும் ஒரு சிவந்த வட்டம் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதை ஏதோ தோல் நோய் என்று நினைத்துத் தள்ளியே உட்காருவார்கள்.

பிரசங்கத்தின் கடைசிப் பகுதி, பெட்டிக்குள் தொங்கும் அபாயச் சங்கிலி எப்படி வந்தது என்பது. அதுவரை தாக்குப்பிடித்தவர் பட்டறையில் ஒருவருமில்லை. ஆனால் அந்தச் சங்கிலி மேல் அவருக்கு இருந்த மரியாதை எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை விழுப்புரத்திலிருந்து வரும்போது, பெருநாளுக்காகத் தைத்த புதுச்சட்டைப் பொட்டலம் ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் சங்கிலியை நோக்கிக் கையைத் தூக்கினார். பாய் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, "சட்டைக்கு உயிரா இருக்குது? அது உயிருக்கு வெச்சது, தொடாதே!" என்றார். அந்தப் பெருநாளைப் பழைய சட்டையில்தான் கொண்டாடினார்.

இனி என் கதை. விழுப்புரத்தில் ஓர் அரசாங்க வேலைக்கு எனக்கு நேர்முகத் தேர்வு வந்தது. வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அசல் சான்றிதழ் கொண்டுவராதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் அடித்திருந்தார்கள். சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, காலை வண்டிக்காக ரயிலடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் பாய் வருவது தெரிந்தது. வார விடுமுறையில், பிரேக் பிடிக்கும் சத்தத்தைக் கேட்பதற்காகவே விழுப்புரம் போய்த் திரும்புகிற மனிதர் அவர். நேர்முகத்துக்குப் படித்ததெல்லாம் வேக்கத்தில் போய்விடுமே என்று பயந்து, எழுந்து ஓடி, வந்து நின்றிருந்த வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒளிந்துகொண்டேன்.

வண்டி நகர்ந்தது. "புடிச்சிட்டேன் பாத்தியா தம்பி!" என்று பாய் எதிரில் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் என் கை காலியாக இருப்பதைப் பார்த்தேன்.

"பாய்... பை! பெஞ்சிலேயே வெச்சிட்டேன். இன்னிக்கு இன்டர்வியூ, சர்ட்டிபிகேட்டு எல்லாம் அதுலதான் இருக்குது!"

பாய் என்னைப் பார்த்தார். சங்கிலியைப் பார்த்தார். எழுந்தார். இரண்டு கையாலும் இழுத்தார். உஸ்ஸென்று காற்று புகுந்தது. வண்டி முனகிக்கொண்டு நின்றது.

"ஓடு தம்பி! நான் பாத்துக்கறேன்."

தண்டவாளத்தோரமாக ஓடினேன். பெஞ்சில் பை இருந்தது. அதன்மேல் ஒரு நாய் தலைவைத்துப் படுத்திருந்தது. அதனிடம் கெஞ்சி, அதட்டி, பையை உருவிக்கொண்டு திரும்பி ஓடி வருவதற்குள் வண்டி போயிருக்க வேண்டும். போகவில்லை.

மூச்சிரைக்கப் பெட்டிக்குள் ஏறினேன். கார்டு, பச்சைக்கொடி மடியில் கிடக்க, பாய்க்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். கார்டின் முகத்தில் ஒரு டம்ளர் ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பயணிகள் வாய் பிளந்து நின்றார்கள். பாய் என்னைப் பார்த்ததும், "அவ்ளோதான் சார், இப்படித்தான் செயினு வந்துது" என்று முடித்தார்.

கார்டு டம்ளரைப் பிடுங்கியபின் தன் உத்தியோகம் ஞாபகம் வந்து, "அதெல்லாம் சரி பாய், நீங்க ஏன் இழுத்தீங்க? யார் உயிருக்கு ஆபத்து?" என்றார்.

"இந்தப் புள்ளையோட பொழப்பு சார். அதுவும் உயிருதான்."

விழுப்புரத்தில் இறங்கியதும் அபராதத்தை நான் கட்டப் போனேன். "இழுத்தது யாரு? நானு. கைய எடு. நீ பரீட்சைக்குப் போ" என்று துரத்திவிட்டார்.

அந்த வேலை கிடைத்தது. அதில்தான் கல்யாணம் செய்தேன், வீடு கட்டினேன், இன்றும் பென்ஷனில் சாப்பிடுகிறேன். வேக்கம் பாயை நினைக்காமல் நான் ரயில் ஏறியதில்லை.

ஒரே ஒரு குறைதான். தன் பிரசங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை பாய் சொல்லி முடித்தது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு நாள்தான். எனக்காகச் சொன்னது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான் மட்டும் கேட்கவில்லை.