அப்பாவின் துப்பாக்கி எல்லை தாண்டிய கதை

அன்புத் தங்கை ஆர்டிஸுக்கு, தெற்கு டகோட்டாவிலிருந்து அண்ணன் செல்மர் எழுதுவது. நானும் நாயும் சௌக்கியம். மின்னசோட்டாவில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

போனில் நீ கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. அப்பாவின் வாத்து வேட்டைத் துப்பாக்கியை உனக்கே தரப்போகிறேன் என்று ஆசையாகச் சொன்னால், "நம்ம வீட்ல துப்பாக்கி கை மாறுறது அடக்கம் முடிஞ்சு, சாப்பாடு ஆனப்புறம்தான். உனக்கு என்ன வியாதி, மறைக்காம சொல்லு" என்கிறாய். ஒரு வியாதியும் இல்லையம்மா. அலமாரியில் இடமில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரே பனிமூட்டம். ஏரியும் கரையும் பால் கலந்தாற்போல ஒன்றாகிவிட்டன, படகில் உட்கார்ந்தால் தண்ணீரில் இருக்கிறேனா வானத்தில் இருக்கிறேனா என்று தெரியாது, அத்தனை சுகம். மதியம் இரண்டு மணிக்கும் இப்படித்தான். பக்கத்து வீட்டு லேலண்ட் மட்டும் வெயில் கொளுத்துகிறது என்கிறான், அவன் எப்போதும் ஏறுக்கு மாறாகப் பேசுகிறவன். போன வேட்டை சீசனில் அந்தப் பனிக்குள் ஒரு வாத்து கனவில் வருவதுபோல மிதந்து வந்தது, மூன்று முறை சுட்டும் அசையவில்லை, அதன் தைரியத்தை மெச்சித் தொப்பியைக்கூடக் கழற்றினேன், கடைசியில் அது மற்ற வாத்துகளை ஏய்த்து வரவழைக்க லேலண்ட் செதுக்கி மிதக்கவிட்ட மர வாத்தாம். அதைச் சுட்டதற்காக அவன் பெண்டாட்டி இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூடப்பிறந்தவளே ஆனாலும் வேறு மாநிலத்துக்காரியான உன் கையில் நான் நேராகக் கொடுக்கக் கூடாதாம். உன் ஊரில் உரிமம் வாங்கிய வியாபாரியிடம் ஒப்படைத்து, நீ படிவம் நிரப்பி, உன் யோக்கியதையை அரசாங்கம் விசாரித்து, அப்புறம்தான் தருவார்களாம். அப்பா உனக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தபோது யார் விசாரித்தார்கள்? இருந்தாலும் சட்டம் சட்டம்தான் என்று செவ்வாய்க்கிழமை லேலண்டின் வண்டியில் கிளம்பினேன் (பனியென்பதால் அவனே ஓட்டினான்), எல்லைப் பாலம் தாண்டி உங்கள் ஊர் வெர்லினின் துப்பாக்கிக் கடைக்குப் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற ஆளிடம் அப்பா கதை, உன் கதை, நீ பதினோரு வயதில் என்னைவிட நன்றாகச் சுட்ட கதை எல்லாம் சொன்னேன். பெரிய மனுஷன், குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். அப்புறம் பின்னாலிருந்து வெர்லின் இருமினார். நான் பேசிக்கொண்டிருந்தது பஞ்சடைத்த கரடியோடு.

துப்பாக்கியைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அவர் சொன்னார்: "நீங்க செத்திருந்தா உயில் ஒண்ணு போதும் ஐயா, நேரா தங்கச்சி கைக்கே போயிருக்கும். உயிரோட இருக்கீங்க பாருங்க, அதுதான் சிக்கல்." நீ வராவிட்டால் அதைத் திருப்பி வாங்க நானே படிவம் நிரப்ப வேண்டுமாம், ஐம்பது வருஷமாக என் தோளில் கிடந்த துப்பாக்கிக்கு நான் யோக்கியனா என்று என்னையே விசாரிப்பார்களாம். அவமானம்! ஆகவே வீம்பு பண்ணாமல் சனிக்கிழமைக்குள் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். என்னைப் பார்க்க வர வேண்டாம். பார்க்க ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் குறி தப்பாதிருக்க ஆண்டவன் துணை நிற்கட்டும்.

உன் அண்ணன்,
செல்மர்

பின்குறிப்பு: எழுதி முடித்ததைத் திரும்பப் படிக்க என்னால் முடியவில்லை. லேலண்டிடம் கொடுத்தேன். வரிமேல் வரி ஏறிக் கிடக்கிறதென்று பாதியில் நிறுத்தி, மூக்கைச் சிந்திக்கொண்டு, இந்தப் பின்குறிப்பை நான் வாயால் சொல்ல அவனே எழுதுகிறான். பனியெல்லாம் இல்லை ஆர்டிஸ். கண்ணுதான். ரெண்டு கண்ணும். இனி பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மேலே எழுதினதை எல்லாம் அடிச்சிடு. எனக்குப் பயமா இருக்கு. துப்பாக்கியை வாங்கி வீட்டுல வைக்காதே, எடுத்துக்கிட்டு நேரா இங்க வா. சனிக்கிழமை வாத்து சீசன் ஆரம்பிக்குது. சிறகுச் சத்தம் எனக்கு இன்னும் நல்லாக் கேக்குது. எந்தப் பக்கம்னு நான் சொல்றேன், நீ சுடு.