ஒரு பெட்டி, ஒரு பாம்பு

குளியல் தொட்டியில் பாம்பைக் காணவில்லை. டெட்லெஃப் துவாலையை உதறினார். பல் துலக்கும் கோப்பைக்குள்கூட எட்டிப் பார்த்தார். நாலடிப் பாம்பு கோப்பைக்குள் எப்படிப் போகும் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தபோது, கீழ்வீட்டில் இருக்கும் உரிமையாளர் திருமதி கிரோட்டே முத்திரை குத்திக் கொடுத்த அனுமதி தெளிவானது: ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு பாம்பு. அந்த ஒன்றின் பெயர் லொட்டே. சாரைப்பாம்புக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆரஞ்சு நிறம், விஷம் கிடையாது. பாம்புச் சந்தையைச் சும்மா பார்க்கப் போன டெட்லெஃப், போன மாதம் அதே நிறத்தில் கிளாராவையும் வாங்கி வந்துவிட்டார். ஒரே பெட்டியில் பின்னிக்கொண்டு படுத்தால் ஒன்றாகத்தானே தெரியும்!

பாம்பு வளர்க்கும் நண்பன் ஊவேதான் போனில் கத்தினான்.

"ரெண்டுக்கும் ஒரே பெட்டியில தீனி போடுறியா? அறிவிருக்கா? ஒரே எலியை ஆளுக்கொரு பக்கம் கவ்வும். ஒருத்தி எலியோட சேர்த்து இன்னொருத்தியையும் முழுங்கிடுவா."

அதனால்தான் செவ்வாய்க்கிழமை கிளாராவுக்குத் தொட்டியில் விருந்து. அவள் விருந்தை முடித்துக்கொண்டு சுவரில் குழாய் போகும் ஓட்டை வழியே கிளம்பிவிட்டாள்.

"இப்ப என்னடா பண்றது?" என்று டெட்லெஃப் மறுபடியும் ஊவேக்குப் போன் போட்டார்.

"நல்லதாப் போச்சு. ஒரு பெட்டி, ஒரு பாம்பு."

"இன்னொண்ணு யார் வீட்டுக் கட்டில்லயாவது ஏறினா? பதினேழு வருஷமா இருக்கேன்டா. இந்த ஊர்ல இனிமே எனக்கு யாருடா வீடு குடுப்பா?"

"கெட்டிக்காரன். அதை வாங்குறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

மறுநாள் காலை எல்லாக் கதவுகளிலும் தாள் ஒட்டியிருந்தது. 'நாளை பத்து மணிக்கு வீடு வீடாக வெப்பக் குழாய்ச் சோதனை. கிரோட்டே.' குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் குழாய்க்கு ஜூலை மாதத்தில் என்ன சோதனை என்று கேட்கும் தைரியம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை. சைக்கிள் நிறுத்தியிருக்கும் இடத்தையே நாடா வைத்து அளக்கிற அம்மாள் அவர்.

டெட்லெஃப் அழுக்குத்துணிக் கூடையோடு, எல்லா வீட்டாரும் துணி துவைக்கும் நிலவறைக்கு இறங்கினார். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுருள்.

"அடிப்பாவி, உயிரை வாங்கிட்டியே!" என்று அள்ளிக் கூடையில் போட்டு, மேலே கொண்டுபோய்ப் பெட்டியில் விட்டார். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வியாழன், பத்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். காலணிக்குள் கால் போகவில்லை. உள்ளே கிளாரா. வால் நுனியில் இருக்கும் கரும்புள்ளி சத்தியமாக அவளுடையதுதான்.

டெட்லெஃப் பெட்டியைப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு.

"அப்போ நீ யாருடி?" என்று நிலவறையில் பிடித்துவந்தவளைக் கேட்டார். அழைப்பு மணி அடித்தது. வேறு வழி தெரியாமல் கிளாராவையும் பெட்டியிலேயே திணித்தார்.

திருமதி கிரோட்டே கையில் டார்ச்சோடு நுழைந்தார். ஒவ்வொரு வெப்பக் குழாய்க்குப் பின்னாலும் குனிந்து பார்த்தார். கடைசியில் பெட்டியின் முன் நின்றார்.

"ஒண்ணு," என்றார். "ரெண்டு." டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனார். "மூணு."

"மேடம், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. மூணாவது எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்கே..."

"மொதல்ல கதவைச் சாத்துங்க."

சாத்தினார். பதினேழு வருடச் சாமான்களை எத்தனை அட்டைப்பெட்டியில் கட்டுவது என்று மனம் ஓடியது.

திருமதி கிரோட்டே டார்ச்சை அணைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரகசியக் குரலில் சொன்னார்: "உங்க ரெண்டையும் நான் பாக்கல; அந்த நடுவுல கெடக்கிற என் ஹில்டாவைக் குடுத்துடுங்க, எந்த வெப்பக் குழாய்க்குப் பின்னாடி மாட்டிக்கிட்டாளோன்னு மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல."