முணுமுணுப்பையும் விடாத அச்சொட்டு அன்ரி

கனடாவின் ஸ்காபரோ முழுவதிலும் ஒரு கதையைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்லத் தெரிந்த தமிழர் ஒரே ஒருவர்தான். நம் ஆட்கள் ஒரு பிறந்தநாள் விழாவைப் பற்றிச் சொன்னால், வந்த கூட்டம் வீட்டுக்குப் போவதற்குள் இரட்டிப்பாகிவிடும். சொன்னதை அச்சொட்டாக, அதாவது அப்படியே, திருப்பிச் சொல்வதால் அச்சொட்டு அன்ரி என்று பெயர் பெற்றவரிடம் அது நடக்காது. நீங்கள் நடுவில் தும்மினால் தும்மலையும் சேர்த்துத்தான் சொல்வார்.

அவர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அந்த வேலையில் எதையும் விடக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது, பேசியவராகவே நின்று பேச வேண்டும். மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் அந்த விதியை மாலையில் நீதிமன்றத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அன்ரி கையோடு கொண்டுபோனார்.

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் நான் ஒரு பிள்ளைகள் நீதிமன்றத்தைத் தொடங்கியபோதுதான் அவர் எனக்கு அறிமுகமானார். சின்னக் குற்றம் செய்த ஒரு பதின்வயதுப் பிள்ளையை, பொலிசும் பாதிக்கப்பட்டவரும் சம்மதித்தால், அதே வயதுப் பிள்ளைகள் விசாரித்து, பிழையைச் சரிசெய்ய வழி சொல்வார்கள். பெரியவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லலாம். நான் மென்பொருளில் பிழை தேடும் வேலை செய்கிறவள். பட்டியல் போடாமல் தேநீர்கூடப் போட மாட்டேன். அறை, கதிரைகள், பயிற்சி, பிள்ளைகளுக்குப் பீட்சா என்று எல்லாம் எழுதியிருந்தேன். பெற்றோரை மறந்துவிட்டேன். நடுவர்களாகச் சேர்ந்தவர்களில் பலர் சோமாலிய, பிலிப்பினோப் பிள்ளைகள். வரப்போகும் தமிழ்த் தாய்மாரில் பலருக்கு ஆங்கிலம் வராது. ஆகவே அன்ரி வந்தார்.

ஒத்திகையில் ஒரு பக்கத்து வீட்டு அம்மா, குற்றவாளியின் தாயாக நடிக்க வந்திருந்தார். தலைமை நடுவர் ஃபாத்திமாவைப் பார்த்துவிட்டு, அருகில் இருந்தவரின் காதுக்குள், "உந்தப் பிள்ளை சாப்பிடுறேல்லையோ? எலும்பும் தோலுமாய்க் கிடக்கு" என்றார்.

அன்ரி எழுந்து அதை அறை முழுவதற்கும் ஆங்கிலத்தில் அறிவித்தார். எலும்பையும் விடவில்லை, தோலையும் விடவில்லை. ஃபாத்திமா ஒரு கணம் யோசித்துவிட்டு, "நடுவர் மத்தியானம் சாப்பிட்டவர் என்று பதிவுசெய்யுங்கள்" என்றாள்.

"அன்ரி, அவ காதுக்குள்ள எல்லோ சொன்னவ?" என்று பிறகு கேட்டேன்.

"அறைக்குள்ள சொன்னது அறைக்குத்தான் பிள்ளை. ரகசியம் கதைக்கிறதெண்டால் கார் பார்க்கிங்குக்குப் போகட்டும்."

கார் பார்க்கிங் என்ன, காருக்குள்ளும் தப்ப முடியாது. அன்றைக்கு அன்ரியையும் ஃபாத்திமாவையும் என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். என் அம்மாவின் அழைப்பு ஒலிபெருக்கியில் வந்தது. "உந்த மனுசியை இறக்கிப்போட்டுக் கெதியாய் வா, புட்டு ஆறுது!" முன் இருக்கையில் இருந்த அன்ரி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பின்னால் திரும்பி, ஃபாத்திமாவுக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார். "உந்த மனுசி" என்ற இடத்தில் தன்னைத் தொட்டும் காட்டினார்.

முதல் உண்மையான வழக்கு வந்தபோது, வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று நான் இரகசியமாகத் தேடினேன். கிடைக்கவில்லை.

பதினைந்து வயது நிரோஷ், பனி உருண்டைக்குள் கல்லை வைத்து எறிந்து, ஒரு ரேக்-அவுட் சாப்பாட்டுக் கடையின் மின்விளக்குப் பலகையை உடைத்திருந்தான். என்ன செய்தான், ஏன் செய்தான் என்று அவன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோப்பு பொலிசுக்குத் திரும்பும். அதற்குப் பிறகு உண்மையான நீதிமன்றம், உண்மையான வழக்கு. தாய் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். எதிரே கடை முதலாளி.

"ஏன் எறிந்தாய்?" என்று ஃபாத்திமா கேட்டாள். நிரோஷ் வாய் திறக்கவில்லை.

அன்ரி தாயின் பக்கம் திரும்பி, அவனாகவே நின்று சொன்னார்: "நான் ஒண்டும் சொல்லேல்லை."

"யார்மேலாவது கோபமா?"

நிரோஷ் இன்னும் தலையைக் குனிந்தான்.

"நான் இப்பவும் ஒண்டும் சொல்லேல்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

இது எந்த விதியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் கையால் வேண்டாம் என்று காட்டினேன். "அமைப்பாளர் கையை ஆட்டுறா" என்று அதையும் இரண்டு மொழியிலும் சொன்னார். நடுவர் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

ஃபாத்திமா கடைசியாக ஒருமுறை கேட்டாள். இதற்கும் பதில் இல்லையென்றால் கோப்பு பொலிசுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"நான் இன்னும் நிலத்தைத்தான்..." என்று அன்ரி தொடங்க, நிரோஷ் ஆங்கிலத்தில் வெடித்தான்.

"நான் நிலத்தைப் பார்க்கவில்லை! முதலாளியுடைய சப்பாத்தைப் பார்க்கிறேன்!"

"சப்பாத்தில் என்ன?" என்றாள் ஃபாத்திமா.

பிறகு நிற்காமல் வந்தது. அவனுடைய தாய் அந்தக் கடையின் சமையலறையில் வேலை செய்கிறவர். அவரைக் கூட்டிப்போகப் போன ஒருநாள், ரொட்டி கருகியதற்காக முதலாளி சனம் பார்க்கக் கத்தியதையும், மா வாளியைக் காலால் தட்டிவிட்டதையும் அவன் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்டிருக்கிறான். அன்ரி ஒரு மூச்சுப் பின்னால் தமிழில் அவனைத் தொடர்ந்தார்.

"அம்மா குனிஞ்சு நிலம் துடைச்சவ. எனக்கு அதைப் பாக்க ஏலாமல் கிடந்தது. அதுதான் எறிஞ்சனான். எறிஞ்சது பிழை. அது எனக்குத் தெரியும்."

"நீ கண்டனியோ?" என்றார் தாய். அன்ரி அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

"ம்" என்றான் நிரோஷ். அதையும் சொன்னார்.

முதலாளி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தபடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை. அன்ரிக்குக் கேட்டது. எழுந்து நின்று, தெளிவான ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்க: "அன்றைக்கு நானும் கண்டபடி கத்திப்போட்டேன். பிள்ளை நின்றது எனக்குத் தெரியாது."

"ஐயோ அக்கா, அது நான் எனக்குச் சொன்னது!"

அதையும் மொழிபெயர்த்தார்.

ஃபாத்திமா சிரிக்கவில்லை. "அங்கிள், அதை நீங்கள் அவருக்குச் சொல்ல விரும்புகிறீர்களா?" என்று தாயைக் காட்டிக் கேட்டாள். முதலாளி எழுந்தார், ஜாக்கெட்டை இழுத்துவிட்டார், இருமினார். "தங்கச்சி, நான் அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது." அன்ரி இருமலில் தொடங்கி முழுவதையும் சொன்னார்.

புதிய பலகை மாட்டும்போது நிரோஷ் ஏணி பிடிக்க வேண்டும், சில சனிக்கிழமைகள் கடை வாசலில் பனி தள்ள வேண்டும் என்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள். கோப்பு பொலிசுக்குப் போகவில்லை.

வெளியே முதலாளி அன்ரியை மறித்தார். "வாய்க்குள்ள சொன்னதையும் பிடிச்சுப்போட்டியளே அக்கா!"

"வாய்க்குள்ள எண்டால் வாயை மூடிக்கொண்டு சொல்லியிருக்கவேணும் தம்பி."

எங்கள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: விசாரிக்கப்பட்ட பிள்ளை அடுத்த வழக்குகளில் நடுவராக இருக்க வேண்டும். பனி கரைந்தபோது நிரோஷும் அந்த வரிசைக்கு வந்தான். அதே நாட்களில் அன்ரியின் மகள் ஸ்காபரோவுக்கு வெளியே, அஜக்ஸில் வீடு வாங்கினார். அன்ரியும் கூடப் போய்விட்டார். கார் ஓட்டத் தெரியாத அவர் வேலைநாள் நெரிசலில் ரயிலும் பஸ்ஸும் மாறி வருவது கஷ்டம். வேறு ஒருவரைத் தேடலாம் என்று, வெகு நாகரிகமாகப் பேசும் இருவரின் பெயர்களை நான் கூட்டத்தில் வாசித்தேன்.

பிறகு நிரோஷ் கையைத் தூக்கினான். விசாரணைகளைச் சனிக்கிழமைக்கு மாற்றலாம், காலை ரயிலில் கூட்டம் இருக்காது, அன்ரிக்கு இருக்கை கிடைக்கும் என்றான்.

நான் மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சனிக்கிழமைகளுக்கு அறையைப் பதிந்துவிட்டேன்.