மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பீரோ

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே வேலை. தண்டையார்பேட்டைப் பட்டறையில் செய்து வைத்திருந்த இரும்பு பீரோவை ராயபுரத்தில் மாமியார் வீட்டு மாடியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அன்று மாலை என் மனைவி ரீட்டாவின் தங்கை ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க எண்ணூரிலிருந்து வருகிறார்கள். கூடத்தில் இருக்கும் பழைய பீரோவின் கதவு மூடாது. உள்ளே திணித்து வைத்திருப்பதெல்லாம் வருகிறவர்களின் கண்ணில் படும். அதனால் ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கென்று செய்த புது பீரோ மாலைக்குள் கூடத்தில் நிற்க வேண்டும். அத்தையின் உத்தரவு.

ஸ்டெல்லாவின் கவலை வேறு. முந்தின நாளே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"மாமா, நான் அவர்கிட்ட தனியா பேசணும். பேசாம சரின்னு சொல்ல மாட்டேன்."

போன வரன் இதனால்தான் கலைந்தது. அந்த வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு சமையலறை. பெண் பார்க்க வரும் அன்று இரண்டிலும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

"கூடத்துலயே பேசேன், நாங்க இன்னா கடிச்சா துன்னுடுவோம்?" என்பது அத்தையின் வாதம். "இந்த வாட்டியும் வேணாம்னா, அப்பால நீயே பாத்துக்கோ. நான் யார் வூட்டு வாசலுக்கும் போவ மாட்டேன்."

"ஏதாவது பண்ணுங்க மாமா" என்றாள் ஸ்டெல்லா.

நான் பீரோவைக் கவனிக்கப் போனேன்.

நான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட். போன மாதம் எங்களுக்கு ஏஜைல் முறையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எனக்குப் புரிந்தவரை அது இவ்வளவுதான்: பெரிய வேலையை முன்கூட்டியே முழுசாகத் திட்டமிடாதே. துண்டு துண்டாகச் செய். ஒரு துண்டுக்குப் பெயர் ஸ்பிரிண்ட். ஒன்று முடிந்ததும் நின்று பார், திருத்திக்கொள், அடுத்ததற்குப் போ. ஆபீசில் அந்த முறைப்படிதான் இப்போது வேலை செய்கிறோம். இன்னும் எதுவும் முடியவில்லை. ஆனால் எது முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும்.

"படிக்கட்ட அளந்து பாத்தியா?" என்று ரீட்டா கேட்டாள்.

"எல்லாத்தையும் மொதல்லயே அளக்கறது பழைய முறை. ஒவ்வொரு படியா ஏறுவோம். எங்க இடிக்குதோ அங்க யோசிப்போம்."

அவள் அளவு நாடாவை மறுபடி தையல் டப்பாவில் போட்டாள். அவள் பதில் சொல்லாமல் விட்ட விஷயங்கள் எல்லாமே பின்னால் திரும்பி வந்திருக்கின்றன.

பீரோவைத் தூக்க ரீட்டாவின் அண்ணன் ஆரோக்கியம் வந்தான். துறைமுகத்தில் வேலை. கூட அவனுடைய தோஸ்து தேவாவும் வந்தான். இருவருக்கும் பட்டறை வாசலிலேயே ஏஜைலை விளக்கினேன். ஆரோக்கியத்துக்கு உடனே பிடித்துவிட்டது.

"அப்டின்னா ப்ளானே வேணாம்னு சொல்றியா மாப்ள?"

"வேணாம்னு இல்ல மச்சான். கம்மியா."

"நாங்க சின்ன வயசுலேர்ந்து அப்டித்தான்."

முதல் ஸ்பிரிண்ட், பட்டறையிலிருந்து குட்டி யானை வண்டிக்கு. பிரமாதமாக முடிந்தது. இரண்டாவது, வண்டியிலிருந்து மாமியார் வீட்டு வாசலுக்கு. அதுவும் முடிந்தது. அத்தை பால்கனியிலிருந்து பீரோவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் போனில் ஒரு படம் எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வந்தன. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

மூன்றாவது ஸ்பிரிண்ட், படிக்கட்டு.

அந்தப் படிக்கட்டு பாதி ஏறி, சுவரில் முட்டி, வலது பக்கம் திரும்பி மறுபடி ஏறும். திருப்பத்துக்கு வந்ததும் இறக்கி வைக்கச் சொன்னேன்.

"ஒரு சின்ன ஸ்டாண்ட்-அப் மீட்டிங். ஒவ்வொருத்தரும் மூணு விஷயம் சொல்லணும். நேத்து என்ன செஞ்சீங்க, இன்னிக்கு என்ன செய்யப் போறீங்க, என்ன தடை இருக்கு."

பீரோவின் பாதி எடை இன்னும் தேவாவின் தோளில் இருந்தது. அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"நேத்து தூங்கினேன். இன்னிக்கி பீரோவ தூக்கிகினு கீறேன். தட, நீதான் நைனா."

ஆரோக்கியம் சிரித்தான். சிரித்ததில் அவன் பிடி தளர்ந்தது. பீரோ தானாகவே ஒரு முடிவெடுத்துச் சரிந்தது. தலை சுவரில் முட்டியது. ஒரு கால் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது.

தள்ளினோம். வரவில்லை. இழுத்தோம். போகவில்லை. கதவைக் கழற்றலாம் என்றால் கதவு சுவரைப் பார்த்திருந்தது.

"இன்னா மாப்ள, எங்க இடிக்குதோ அங்க யோசிக்கலாம்னியே. யோசி" என்றான் ஆரோக்கியம்.

யோசித்தேன். மேலே அத்தை, ரீட்டா, ஸ்டெல்லா, காலையிலேயே வந்துவிட்ட சொந்தக்காரப் பெண்கள். கீழே நாங்கள் மூவர். நடுவில் பீரோ. அதற்கு மேல் ஒரு ஆளின் முகம் தெரியும் அளவுக்கு மட்டும் இடைவெளி. அதில் ரீட்டாவின் முகம் தெரிந்தது.

"நாடா கொண்டாரட்டா?" என்று கேட்டாள்.

அதற்குள் வாசலில் ஆட்டோக்கள் வந்து நின்றன.

மாப்பிள்ளை பெயர் அந்தோணி. ரயில்வேயில் வேலை. கூட அவனுடைய அம்மாவும் உறவினர்கள் சிலரும். எல்லோரும் நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். எங்கள் மூவரின் சட்டையிலும் பீரோவின் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

கீழ் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கித் தெருவிலேயே போட்டோம். அத்தை பால்கனியிலிருந்து, "வாங்க வாங்க, உக்காருங்க, உங்க வூடு மாதிரி நெனச்சிக்கங்க" என்றாள். அவர்கள் உட்கார்ந்திருந்தது மீன் கூடைக்கும் ஒரு பைக்குக்கும் நடுவில்.

கேசரியும் பஜ்ஜியும் துணி காயப்போடும் கயிற்றில் கட்டிய வாளியில் இறங்கி வந்தன. காபி தூக்கில் வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக்காரர் இரண்டு பஜ்ஜி எடுத்துக்கொண்டு, "நல்ல ஏற்பாடு" என்றார்.

அந்தோணியின் அம்மா மேலே நிமிர்ந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். "பொண்ணு எதும்மா?"

பட்டுப்புடவையில் ஸ்டெல்லா பால்கனிக்கு வந்து கும்பிட்டாள். தேர்தலில் நிற்கிறவள் மாதிரி இருந்தது.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. மாடியிலயே கீது" என்றாள் அந்தோணியின் அம்மா. அந்தக் குரலில் எனக்கு நல்லதாக எதுவும் கேட்கவில்லை. மேலே அத்தையின் முகமும் மாறிவிட்டது. இந்த வரனும் போனால் அடுத்தது இல்லை. அதைக் கலைத்தவன் என்று என் பெயர் அந்தத் தெருவில் நிற்கும்.

அப்போது அந்தோணி எழுந்து சட்டைக் கையை மடித்தான். "நான் போய்ப் பாக்கறேன்."

"மாப்ள நீங்க போயி..." என்று அத்தை பதறினாள். அவன் அதற்குள் படியேறிவிட்டான். நானும் பின்னாலேயே போனேன். பீரோவின் நிலைமையை, இதுவரை நடந்ததை, அடுத்த கட்டத்தை அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

பீரோவுக்கு மேலே ஸ்டெல்லாவின் முகம் தெரிந்தது.

"மாமா, நீங்க கீழ போங்க."

"இல்லம்மா, இத எப்படி..."

"மாமா."

கீழே வந்துவிட்டேன்.

"இன்னா ஆச்சு?" என்றான் ஆரோக்கியம்.

"வேலை நடக்குது."

மேலிருந்து 'டொம்' என்று இரும்பில் தட்டும் சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. மறுபடி 'டொம்'. இந்த முறை பீரோவின் மறுபக்கத்திலிருந்து.

"ஸ்டெல்லாவும் ஒத்தாச பண்ணுது போல" என்றாள் அத்தை பால்கனியிலிருந்து, கொஞ்சம் பெருமையாக.

"எம் புள்ள எந்த வேலைய எடுத்தாலும் வுட மாட்டான்" என்றாள் அந்தோணியின் அம்மா.

காபி இரண்டாவது தடவை இறங்கி வந்தது. நடுவில் ஒரு முறை அந்தோணி எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கீதும்மா" என்றான். அவன் கையில் பெயின்ட் இல்லை. நான் அதைக் கவனித்தேன். ரீட்டாவும் மேலிருந்து கவனித்தாள்.

கடைசியாக அவன் இறங்கி வந்து கைகளைத் தட்டிக்கொண்டான்.

"அசையல."

பால்கனியில் ஸ்டெல்லா வந்து நின்றாள். "அம்மா, எனக்குச் சரி."

அத்தை திகைத்துப்போனாள். "தனியா பேசணும்னு அவ்ளோ பேஜாரு பண்ண. பேசாமலே சரின்றியேடி?"

"பேச இன்னாம்மா கீது" என்றாள் ஸ்டெல்லா.

கீழே கேட்டார்கள். அந்தோணியும் சரி என்றான். அவன் அம்மா கொண்டு வந்த பூ, காலி வாளியில் வைக்கப்பட்டு மேலே போனது. எதிர்வீட்டுக்காரர் கயிற்றுக்கு ஒரு கை கொடுத்தார்.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். தோற்றுப்போன ஒரு ஸ்பிரிண்ட் இவ்வளவு நல்லபடியாக முடிந்து நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை டீமுக்கு இதை எப்படிச் சொல்வது என்று மனதில் வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

புறப்படும்போது அந்தோணியின் அம்மா படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"அல்லாம் சரி. இம்மாம் பெரிய பீரோ யாருக்கு?"

அத்தைக்கு இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்தது. "உங்க வூட்டுக்குத்தாங்க. ஸ்டெல்லாவோட சீரு."

அந்தோணியின் அம்மா பீரோவைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"எங்க வூட்டு படி இதவிட குறுகலு. நாங்களே ரெண்டு பலகை அடிச்சு துணி வச்சிகினு கீறோம். எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

தேவா என்னைப் பார்த்தான். ஆரோக்கியம் பார்த்தான். பால்கனியிலிருந்து ரீட்டா பார்த்தாள். அவள் கையில் அளவு நாடா இருந்தது.

எந்தப் பொருளையும் யாருக்காகச் செய்கிறோமோ அவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்பது அந்தப் பயிற்சியில் முதல் நாள் காலையிலேயே சொன்ன பாடமாம். அன்று காலை எனக்கு பஸ் கிடைக்கவில்லை.