முன்னுதாரணம் உள்ள புதுக்கதை

பேசும் படம் வந்தாலும் வந்தது, ஜொகூர் பாருவில் கதை எழுதாத ஆளே இல்லை என்றாயிற்று. அவர்களை ஒழுங்குபடுத்த ஒரு சபை ஏற்பட்டது. சபை முத்திரை குத்திய கதை மட்டுமே சென்னைக்குக் கப்பலேறும். பழைய படத்தைக் காப்பியடித்த கதைக்கு முத்திரை கிடையாது. நல்ல சட்டம்தான்.

செனாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் வீரமுத்துவும் ஒரு கதையோடு போனான். அதில் ஒரே ஒரு காட்சி திரையில் வந்தால் போதும் அவனுக்கு. செத்துப்போன கூட்டாளி ஐயாசாமியின் பெண்சாதி அங்கம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

சபையின் பரிசோதகர் ஜெயபாலன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இக்காட்சிக்கு மூலம்?"

"ஒரு ஊமைப் படங்க ஐயா. புருஷன் செத்த வீட்டுல அவன் நாற்காலி காலியா கெடக்கும். பொண்டாட்டி அதையே பார்ப்பா. அதப் பார்த்ததும் எங்க தோட்டத்துப் பெரட்டு ஞாபகம் வந்துச்சு. விடியக்காலம் ஆள் கணக்கு எடுக்கையில, பழக்கதோஷத்துல கங்காணி செத்துப்போன ஐயாசாமி பேரைக் கூப்பிட்டுட்டாரு. அங்கம்மாதான் 'வந்தாச்சு'ன்னு குரல் குடுத்துச்சு."

"ஆக, நாற்காலியைத் திருடியிருக்கிறீர்."

"இதுல நாற்காலியே இல்லீங்களே!"

"திருடியதுமல்லாமல் ஒளித்தும் வைத்திருக்கிறீர்."

"பெரட்டு எந்தப் படத்துலயும் வரலீங்க ஐயா. சொந்தச் சரக்கு."

"அது அதைவிடப் பெரிய குற்றம். எந்தப் படத்திலும் வராததற்கு முன்னுதாரணம் ஏது? முன்னுதாரணமில்லாத புதுமையைச் சபை எங்ஙனம் அங்கீகரிக்கும்?"

"அலமாக்! அப்ப என்னதான் செய்யறது?"

ஜெயபாலன் மனமிரங்கினார். "பெரட்டை எடுத்துவிடும். நாற்காலியைப் போடும்."

"அது காப்பி இல்லீங்களா?"

"அந்தப் படத்தில் நாற்காலி எத்திசை பார்த்தது?"

"கெழக்கேன்னு நெனைக்கிறேன்."

"மேற்கே திருப்பும். முற்றிலும் சொந்தக் கற்பனை."

மாட்டேன் என்றால் கதை கப்பலேறாது. வீரமுத்து தலையாட்டினான். முத்திரை விழுந்தது.

படம் வந்தது. செனாய்க் கொட்டகையில் தோட்டமே திரண்டு உட்கார்ந்தது. நாற்காலி மேற்கே பார்த்தது. கொட்டகை ஓவென்று அழுதது. வீரமுத்துவும் அழுதான்.

அங்கம்மாதான், "யார் வீட்டு நாற்காலிண்ணே அது? எங்க வீட்டுல பலகைதானே கெடக்கு?" என்றாள்.

"சினிமான்னா அப்படித்தான் தங்கச்சி."

அதோடு விட்டதா? தோட்டத்து லயவீடுகளில் எவன் செத்தாலும் காலி நாற்காலி போடுவது நாகரிகமாயிற்று. ஸ்கூடாய்க் கடைக்காரன் வாடகைக்கு விட்டான். கைவைத்த நாற்காலி என்றால் பெரிய சாவு.

ஐயாசாமியின் திவசம் வந்தது. "எல்லாரும் போடறாங்க. நமக்கும் ஒண்ணு கொண்டாங்கண்ணே" என்றாள் அங்கம்மா. வீரமுத்து தலையில் சுமந்துவந்து போட்டான்.

"மேற்கே திருப்புலா!" அதட்டினார் கங்காணி. "காலங்காலமா அதானே முறை?"

திருப்பினான். எல்லோரும் நாற்காலியைப் பார்த்து அழுதார்கள்.

ஐயாசாமியின் பேரை ஒருவரும் கூப்பிடவில்லை.