உப்பு மாஸ்டரின் பல்க் மழை

வானத்திடமே முதலில் சாம்பிள், அது ஓகே ஆனால் மொத்தமாகப் பல்க் என்று பேரம் பேசிய ஒரே திருப்பூர்க்காரர் எங்கள் உப்பு மாஸ்டர்தான். சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். நல்லூர் லைன் வீட்டில் எனக்குப் பக்கத்துக் கதவு.

அந்தக் கோடையில் போர்வெல் வறண்டு, லாரித் தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். மாஸ்டரின் மனைவி சரசக்காவுக்கு அலுத்துவிட்டது. "ட்ரம் நெறையட்டுங்க, அப்பறம் கூப்புடுங்க" என்று ஊத்துக்குளியில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். மாஸ்டர் ஒருமுறை சோறு பொங்கிப் பார்த்தார். அதைவிட மழையை வரவழைப்பது சுலபம் என்று முடிவு செய்தார்.

வெளிநாட்டில் விமானத்திலிருந்து உப்புத் தூவி மழை பெய்விக்கிறார்கள் என்று போனில் பார்த்திருந்தார்.

"இதென்னங்க பெரிய வித்தை? உப்புப் போட்டாத்தான் சாயம் துணியப் புடிக்கும். மேகத்துக்கும் அதே ரெசிப்பிதானுங்க!"

கல்யாண வீடியோ எடுக்கும் மச்சானிடம் ட்ரோன் வாங்கி, பட்டறை உப்பைப் பையில் கட்டிப் பறக்கவிட்டார். பாரம் தாங்காத ட்ரோன் தென்னைமர உயரத்தில் தள்ளாடி, மொத்த உப்பையும் மாடியில் காய்ந்த எங்கள் வடகத்தில் கொட்டியது. என் மனைவி ஆடிய ஆட்டம் தனிக் கதை.

மாஸ்டர் அசரவில்லை. மறுநாள் சாயங்காலம் கருமேகம் திரண்டதும் உப்பைக் குறைத்து ட்ரோனை மறுபடி ஏற்றினார். என் வண்டி சீட்டில் சில துளிகள் விழுந்தன.

"பாத்தீங்களா, சாம்பிள்! ஓகே பண்ணுங்க, பல்க் எறக்கிரலாம்."

"ஓகேங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

மேகம் எங்களைச் சட்டை செய்யாமல் கிழக்கே போய்விட்டது. சற்று நேரத்தில் சரசக்கா போன்.

"ஏனுங்க, இங்க பேய்மழைங்க!"

"அது நம்முளுதுதான் சரசு! டெலிவரி அட்ரஸ் மாறிப்போச்சு!"

அக்கா சிரித்த சிரிப்பு ஸ்பீக்கரில் லைன் வீடுகள் முழுக்கக் கேட்டது. "காலைல வர்றனுங்க. ட்ரம் காலியாக் கெடந்தா அடுத்த பஸ்ல திரும்பீருவேன்."

மாஸ்டரின் முகம் தொங்கிப்போனது. எனக்குப் பாவமாக இருந்தது.

காலையில் அக்காவைக் கூட்டிவர அவர் பஸ் ஸ்டாப்புக்குப் போனார். நான் எங்கள் குடத்தைத் தூக்கிப்போய் அவர் வாசல் ட்ரம்மில் ஊற்றினேன். திட்டிக்கொண்டே என் மனைவியும் ஒரு குடத்தோடு வந்தாள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டால் முறைக்கிற ஆட்கள்தான் நாங்கள்.

அக்கா வந்து ட்ரம் மூடியைத் திறந்தார். விளிம்புவரை தண்ணீர். மாஸ்டர் வாயைப் பிளந்தார்.

"நீங்க தூங்குனப்பறம் இங்கயும் நல்ல மழைங்க" என்றேன் மாஸ்டரிடம்.

வாசலில் புழுதி பறந்துகொண்டிருந்தது. அக்கா அதையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். பையை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

என்ன செய்ய? அந்தக் கிறுக்கு மனுஷனை இன்னொரு நாள் தனியாக விட எங்களுக்கு மனசு வரவில்லை.