முன்வரிசை வீடுகள்

"என் ஊடு மட்டும் இன்னாத்துக்கு சோகை புடிச்ச மாரி வெளுத்துக்கினு கீது?"

தெருக்கோடி கோவிந்தம்மா போனை நீட்டியபடி பிரின்சி வீட்டு வாசலில் நின்றாள்.

போனில் இருந்தது பிரின்சி வரைந்த மாயாபுரி. கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்கான கற்பனை ஊர். பார்த்தால் கண் உள்ளே உள்ளே போகணும், ஆழம் தெரியணும் என்று கம்பெனிக்காரர் பூவராகவன் சொல்லியிருந்தார். பாவம், அவள் மொட்டை மாடியில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் தன் தெருவையே பார்த்து வரைந்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டி கோட்டைக் கோபுரமானது. சிப்காட் புகைபோக்கிகள் எரிமலைகளாயின. இன்று சாயங்காலத்துக்குள் படத்தை அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் இனி வரைவதே வேலை. இல்லையென்றால் மறுபடி பிஸ்கட் கம்பெனி பேக்கிங்தான்.

இந்த நேரம் பார்த்து அம்மா ஞானம்மா, பெருமை தாங்காமல், 'எங்க தெரு' என்று அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுத் தொலைத்திருந்தாள்.

"தூரத்துல கீற ஊடு வெளிறித்தான் தெரியும்க்கா. அப்பத்தான் ஆழம் வரும்."

"ஆழமாவது கெணறாவது. இந்தத் தெருவுக்கு மொத மொத வந்தவ நானு. என்னைக் கடைசில தள்ளிட்டு, முன்னாடி யாரு குடிசைடி இது?"

"அது சும்மாக்கா. முன்வரிசைல குடிசையா போடுன்னு கம்பெனில சொன்னாங்க."

கோவிந்தம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லை. பிரின்சி அவள் வீட்டை முன்னால் இழுத்து, பெரிதாக்கி, பச்சை அடித்தாள். ஞானம்மா சும்மா இருப்பாளா? திருத்திய படமும் சுடச்சுட ஸ்டேட்டஸுக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் பரசுராமன் வந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி மாடி கட்டியவர்.

"இன்னாம்மா பிரின்சி, என் மாடி ஊடு இந்தம்மா ஊட்டு கக்கூஸ் மாரி பின்னாடி நிக்கிது?"

"மாமா, அது பர்ஸ்பெக்டிவ்..."

"எதுவா இருந்தாலும் எடுத்துரு. சம்மந்தி ஊட்டுல பாத்தா என்னை இன்னா நெனைப்பாங்க?"

அவர் வீடும் முன்னால் வந்தது. அது இன்னும் நாலு பேர் வீட்டை மறைத்தது. அந்த நாலு பேரும் வந்தார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சாயங்காலம் ஆவதற்குள் மாயாபுரியின் வீடுகள் எல்லாம் கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் ஒரே வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நின்றன. குடிசை ஒன்றுகூட மிச்சமில்லை. எரிமலை எட்டிப் பார்க்கக்கூட சந்து இல்லை.

பழைய படத்தை அனுப்பிவிடலாம் என்றால், கோவிந்தம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிரின்சி திருத்திய படத்தையே அனுப்பினாள். வேலை போச்சு என்று தெரிந்துவிட்டது.

போன் அடித்தது. பூவராகவன். "ஸ்பீக்கர்ல போடும்மா, நான் பேசிக்கிறேன்," என்று பரசுராமன் தானே பொத்தானை அமுக்கினார்.

"மேடம், குடிசை போடச் சொன்னேனே?"

"சார், அது வந்து..."

"டெப்த் போச்சு, அதை நாங்க சரி பண்ணிக்கிறோம். அடுத்த ஊரும் நீங்களே வரைஞ்சிடுங்க."

தெருவே நிமிர்ந்து நின்றது. கோவிந்தம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"நான்தான் தப்பா யோசிச்சிருக்கேன் மேடம். கேம்ல டிராகன் வந்து முன்வரிசையத்தான் மொதல்ல கொளுத்தும். குடிசைன்னா புசுக்குனு அணைஞ்சிடும், இந்த மாடி வீடுங்க நின்னு எரியும்."